தெற்குக் கயிறும் இருநூறு மீட்டர் வளைவும்

அந்தச் சனிக்கிழமை காலை, தமிழ்நாட்டு எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் மைதானத்தில் இருந்தவர்கள்: வேலாயுதன் சார், நான், ஓட வந்த பையன்களில் சஜினும் அபிஷேக்கும், அதியன்னூரிலிருந்து வரும் இரட்டைப் பெண்பிள்ளைகள் இருவர், நீளம் தாண்டும் குழியில் மணலைக் கிளறிக்கொண்டிருந்த வாட்ச்மேன் குட்டன், மதிலுக்கு வெளியே தமிழ்நாட்டு நம்பர் போட்ட பைக்கில் ஒரு காலை ஊன்றி உட்கார்ந்திருந்த ஓர் ஆள். ஆக எட்டுப் பேர். ஒன்பதாவதாக யாரும் இல்லை.

இப்படி எண்ணி எழுதக் காரணம் உண்டு. சஜினுக்கு விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்த பிறகு, "அன்னைக்கு நானும் நின்னேன், சாரு அவனைப் பின்னால நடக்கச் சொன்னதை எனக்க கண்ணால கண்டேன்" என்று சொன்னவர்களை எல்லாம் கூட்டினால் தனுவச்சபுரம் பஸ் ஒன்று நிறைந்துவிடும். ஒரு விஷயம் நல்லபடியாக முடிந்தால் சாட்சிகள் பெருகுவார்கள். கெட்டுப்போயிருந்தால் குட்டன்கூட அன்றைக்கு லீவு என்று சொல்லியிருப்பான்.

இப்போது எங்கள் மைதானத்துக்குப் புதிய கோச் தம்பி வந்திருக்கிறார். நல்ல பையன், மரியாதை தெரிந்தவர். பிள்ளைகள் ஓடும்போது போனில் படம் பிடிக்கிறார். உடனே போன் அந்தப் பிள்ளையின் முட்டி, இடுப்பு, தோள் எல்லாவற்றிலும் கலர் கலராகக் கோடு போட்டு எங்கே கோணல் என்று சொல்லிவிடுகிறது. போன மாதம் அவர், "மாமா, இது இல்லாதப்ப நீங்களும் வேலாயுதன் சாரும் எப்பிடிக் கண்டுபிடிச்சீங்க? ஆண்டு மலருக்கு எழுதித் தாங்களேன்" என்று கேட்டார்.

"எழுதுதேன். அதுக்கு முன்ன ஒண்ணு சொல்லும். இந்தப் பிள்ளைகளுக்க படம் எல்லாம் எங்க போவும்?"

"எங்கயும் போகாது மாமா. சர்வர்ல கெடக்கும்."

"சர்வர் எங்க கெடக்கு?"

அவர் சிரித்துக்கொண்டே அடுத்த பிள்ளையைப் படம் பிடிக்கப் போய்விட்டார். அதனால்தான் இதைப் பேப்பரில் எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அமரவிளையில் மரச்சீனிக் கிழங்கு லோடு ஏற்றினேன். பள்ளி விளையாட்டு விழாவுக்குச் சுண்ணாம்புக் கோடு போட ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள், போனேன். கோடு போடும் நேரத்தைவிடக் கண்ணாடிச் சில்லு பொறுக்கும் நேரம்தான் எனக்கு அதிகம். நாய் குறுக்கே வந்தால் என்ன செய்வது, பிள்ளையின் ஷூ லேஸ் அவிழ்ந்தால் என்ன ஆகும் என்று ஒரே பதற்றம். அதைப் பார்த்த வேலாயுதன் சார், "பயந்தவனாக்கும் மைதானத்துக்கு ஏத்த ஆளு" என்று சொல்லி என்னை வைத்துக்கொண்டார். பின்னால் ஒரு சிறு பயிற்சிக்கும் அனுப்பினார். தற்காலிக உதவியாளனாகச் சேர்ந்து, தற்காலிக உதவியாளனாகவே ஓய்வு பெற்றேன்.

சார் நெய்யாற்றின்கரைக்காரர். பெரிய படிப்புப் படித்து வந்தவர். சுருட்டிய குடை ஒன்று எப்போதும் கையில் இருக்கும். மழையில்கூட அதை விரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. எல்லாரும் முடிவுக் கோட்டில் நிற்கும்போது அவர் வளைவு தொடங்கும் இடத்தில் நிற்பார். "அங்க நிக்கவனுக்கு நேரம் தெரியும். இங்க நின்னாத்தான் ஆளு தெரியும்" என்பார்.

அவர் ஒரு பிள்ளையைப் பார்க்கும் முறை இது. முதலில் ஷூவைக் கழற்றச் சொல்லுவார். தன்னை நோக்கி நடந்து வரச் சொல்லுவார், திரும்பிப் போகச் சொல்லுவார். கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லுவார். அதற்குள் கழற்றிய ஷூவைக் கவிழ்த்து அடிப்பக்கம் எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுவார். அதன் பிறகுதான் ஓட்டம். முதல் சுற்றில் பின்னாலிருந்து இடுப்பை மட்டும் பார்ப்பார். அடுத்த சுற்றில் பக்கத்திலிருந்து பாதம் விழுவதை மட்டும். கடைசியில் முன்னாலிருந்து கைவீச்சை மட்டும். எல்லாம் முடிந்து ஒரே ஒரு குற்றம் சொல்லுவார். ஒரு நாளைக்கு ஒன்றுதான். நான் பக்கத்தில் நின்று இரண்டாவதைச் சொல்ல வாயெடுத்தால் குடையின் முனை என் கால்விரலில் வந்து உட்காரும்.

தொழிலை எனக்கு முழுசாகக் காட்டாமல் ஒளிக்கிறார் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டே விட்டேன். "மத்ததை எல்லாம் எதுக்கு சார் மறைக்கீங்க?"

"மறைக்கல்லடே தாசா. ஒரே நாள்ல ரெண்டு சொன்னா பிள்ளை ஓடாது. நினைச்சிட்டே நிக்கும்."

சொன்னது சரிதான். ஆனாலும் அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

இனி சஜின். பொழியூர் கடப்புறத்துப் பையன். அப்பனுக்குக் கடல் வேலை. எங்களிடம் வந்தபோது சின்னப் பையன். தலையில் குடம் வைத்தால் தண்ணீர் சிந்தாது, அப்படி நேராக ஓடினான். இருநூறு மீட்டர்தான் அவனுடைய ஓட்டம். பத்தாம் வகுப்புக்கு வந்தபோது விளையாட்டு விடுதித் தேர்வு வந்தது. அதில் எடுத்துவிட்டால் படிப்பு, சாப்பாடு, பயிற்சி எல்லாம் அங்கே. வயசு தாண்டினால் அடுத்த முறை கிடையாது. அவனுக்கு அந்த ஒரு வாசல்தான்.

அந்த நேரம் பார்த்து அவன் ஓட்டம் கோணியது. வலது தோள் பின்னால் போனது. வலது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பி விழுந்தது. வலது கை வீசாமல் இடுப்போடு ஒட்டிக்கொண்டது. வளைவில் இடப்பக்கம் சாய வேண்டியவன், யாரோ வலப்பக்கம் பிடித்து இழுப்பதுபோல் கோட்டைத் தாண்டிப் பக்கத்துப் பாதைக்குள் போனான். தேர்வில் அப்படிப் போனால் பேரை வெட்டிவிடுவார்கள்.

எனக்கு உடனே சந்தேகம் தட்டியது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் ஒரு பயிற்சி முகாம் உண்டு. அங்குள்ள பிள்ளைகள் வலது கையை இடுப்பில் இறுக்கி ஓடுவதைப் போட்டிகளில் கண்டிருக்கிறேன். ஒருவன் சொல்லிக்கொடுத்த கைவீச்சு, அவன் போட்ட கையெழுத்து மாதிரி, மறைக்க முடியாது. எங்கள் ஊர்களில் முக்கால்வாசிப் பேருக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு அத்தை வீடாவது இருக்கும். இன்றைக்கு இங்கே பனியனைக் கழுவிக் காயப்போட்ட பையன் அடுத்த மாதம் அந்த மாநிலத்துப் பனியனில் ஓடுவான். இரண்டு பக்கமும் பேர் இருந்தால் இரண்டு பக்கமும் வெட்டு. 'இவன் எங்களிடம் மட்டும் பயிற்சி எடுக்கிறான்' என்று கையெழுத்துப் போட்டு சார் திங்கட்கிழமைக்குள் பேர் அனுப்ப வேண்டும். அந்தக் கையெழுத்தை நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை.

விசாரிக்கத் தொடங்கினேன். அவன் பையைத் தூக்கிப் பார்த்தேன்; அடியில் வெள்ளை மணல். எங்கள் குழியில் கிடப்பது பழுப்பு மணல். அப்படியானால் இது வேறு மைதானத்துக் குழி என்று முடிவு கட்டினேன். கடப்புறத்துப் பையனின் பையில் வெள்ளை மணல் எங்கிருந்து வரும் என்று யாருக்கும் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை. சனிக்கிழமைகளில் தாமதமாக வந்தான். அதுவும் தலை நனைந்து.

"எலே, தலை என்ன நனஞ்சிருக்கு?"

"குளிச்சேன் மாமா."

"குளிச்சிட்டா ஓட வருவே? ஓடிட்டுல்லா குளிக்கணும்?"

"இன்னைக்கு மறந்து மொதல்லயே குளிச்சிட்டேன்."

அபிஷேக் பக்கத்தில் நின்று சிரித்தான். "மாமா போலீஸ்ல சேர்ந்திருக்கணும்."

"நீ சும்ம இரிலே. சஜினே, களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் போவியா நீ?"

"எதுக்கு?"

"அதைத்தான் நானும் கேக்கேன்."

அவன் குனிந்து லேஸைக் கட்டினான். கட்டியிருந்த லேஸைத்தான் அவிழ்த்துத் திரும்பவும் கட்டினான். பொய் சொல்லுகிறவனின் கை சும்மா இருக்காது.

நான் சொன்ன சனிக்கிழமைக்கு வந்துவிட்டேன். சார் வந்ததும் ஓடிப்போய், "அவனுக்க பேரை அனுப்பாதீங்க சார். மறுபக்கத்துல ஓட்டம் படிக்கான்" என்றேன். சார் வளைவை நோக்கி நடந்தார். அப்போதுதான் மதிலுக்கு வெளியே அந்த பைக்கைப் பார்த்தேன். தமிழ்நாட்டு நம்பர். கறுத்து உரம்பாய்ந்த ஓர் ஆள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தா நிக்கான் சார். பையனைக் கொண்டுபோக வந்த ஆளு."

"பைக்கைப் பாக்காத. பையனைப் பாரு."

சஜின் ஷூவைக் கழற்றினான். நடந்து வந்தான், போனான், ஒற்றைக் காலில் நின்றான். வழக்கம்போல எல்லாம் முடிந்தது. அதற்குப் பிறகு, அத்தனை வருசத்தில் நான் கண்டிராத ஒன்றை சார் செய்தார்.

"மக்கா, திரும்பாத. அப்பிடியே பின்னால நடந்து வா."

அவன் தொடங்கும் முன் அபிஷேக்கையும் அப்படி நடக்கச் சொன்னார். அவன் பத்தடிக்குள் நாலு தடவை திரும்பிப் பார்த்துத் தடுமாறினான். யாரும் அப்படித்தான் நடப்பார்கள். சஜின் திரும்பவே இல்லை. குதிகாலைத் தரையில் குத்தி ஊன்றினான். இடுப்பு தாழ்ந்தது. வலது இடுப்பு முன்னே வந்தது, இரண்டு கையும் தானாகவே வலது இடுப்புக்கு வந்து ஒன்றன்மேல் ஒன்றாக மூடிக்கொண்டன. முன்னோக்கி ஓடும்போது கோணலாக இருந்த உடம்பு பின்னோக்கி நடக்கும்போது கொஞ்சமும் கோணாமல் வந்தது.

சார் அவனோடு கூடவே நடந்தபடி தாழ்ந்த குரலில் கேட்டார். "கரமடிக்குப் போகத் தொடங்கி எத்தனை நாளாச்சு?"

அவன் பதில் சொல்லும் முன்னே மதில் மேலிருந்து ஒரு சத்தம். பைக் ஆள் உள்ளே குதித்திருந்தான்.

"பிடிச்சிட்டேன்! எலே சஜினே, மீனுக்குப் பங்கு வைக்க முன்ன நீ ஓடி வாற சோலி இதாக்கும், இல்லியா? எந்த வலைக்காரனாக்கும் இந்தக் குடைக்காரன்?"

சார் அசையவில்லை. "நான் ஓட்டம் படிப்பிக்கேன்."

"ஓட்டமா? பின்னாலயா?"

அந்த ஆள் என் பக்கம் திரும்பினான். "சின்ன வயசுலேருந்து கடப்புறத்துல நிக்கேன் ஓய். ஒருத்தனைப் பின்னால நடக்க வச்சுப் பாக்கது எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? புது வலைக்கு ஆளெடுக்கீங்க!"

"அது கெடக்கட்டும், நீரு அந்தப் பக்கத்துக் கேம்ப் ஆளுதானே?" என்றேன் நான்.

"என்ன கேம்பு? கண்ணு கேம்பா?"

அவர் பேர் லூக்காஸ். சஜின் அப்பன் வேலை செய்யும் கரமடியை நடத்துகிறவர். கரமடி என்றால் கரையில் நின்று இழுக்கும் பெரிய வலை. வள்ளத்தில் கொண்டுபோய் வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் இரண்டு கூட்டமாக நின்று இழுப்பார்கள், கடலைப் பார்த்தபடி, பின்னால் நடந்து நடந்து. பையன் சனிக்கிழமை தோறும் பங்கு பிரிக்கும் முன் நழுவுவதைக் கண்டு, வேறு வலைக்குப் போகிறான் என்று அவருக்குச் சந்தேகம். எல்லைக்கு அந்தப் பக்கத்து மச்சினனின் பைக்கை வாங்கிப் பின்தொடர்ந்து வந்திருக்கிறார். வேறு பயிற்சிக்குப் போகிறான் என்று எனக்குச் சந்தேகம். பாவம், பையனை இரண்டு பக்கமும் கள்ளனாக்கி வைத்திருந்தோம்.

சஜின் எங்கள் இருவருக்கும் நடுவே வந்து நின்று சொன்னான். "அப்பாவுக்குப் பாறையில வழுக்கி முட்டி போச்சு சார். எடம் காலியா கெடந்தா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. பின்ன கிட்டாது. அதுனால நான் நிக்கேன். இஞ்ச சொன்னா இழுக்காதேன்னு சொல்லுவீங்க. அங்க சொன்னா ஓடாதேன்னு சொல்லுவாங்க."

விடுதிக்குப் போனால் அப்பன் இடம் போகும். இடத்தைக் காத்தால் ஓட்டம் போகும். கயிறு இழுப்பதை நிறுத்து என்று சார் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் குடை முனையால் தரையில் ஒரு கோடு போட்டார். "இது கடல். கயிறு எப்பிடி வரும்? காட்டுங்க."

லூக்காஸ் கொஞ்சம் தயங்கி, பிறகு குந்தி உட்கார்ந்து விரலால் வரைந்தார். தெற்கே ஒரு கயிறு, வடக்கே ஒரு கயிறு. இரண்டுக்கும் நடுவே யாரும் நிற்கக்கூடாது; அறுந்தால் ஆளை வெட்டிவிடும். ஆகவே தெற்குக் கூட்டம் கயிற்றுக்குத் தெற்கே நிற்கும். கயிறு அவர்களுக்கு எப்போதும் வலது கைப்பக்கம். வடக்குக் கூட்டத்துக்கு இடது கைப்பக்கம்.

"இவன் எதுல?"

"தெற்கு. அப்பனுக்க எடம் அதாக்கும்."

"வடக்குல நின்னா?"

லூக்காஸ் எழுந்துவிட்டார். "வடக்குலயா? அது எனக்க மச்சினனுக்க கூட்டம். தெற்குக்காரன் வடக்குல போய் நின்னா ஊர் என்ன பேசும்? எங்களுக்குள்ள வழக்குன்னு பேசும். பின்ன, தெற்குல ஒரு ஆளு கொறயுமே?"

"கொறயாது," என்றார் சார். "தாசன் நிப்பான்."

"யாரு சார், நானா? எனக்கு நீச்சல் தெரியாது!"

"கரையில நிக்கதுக்கு நீச்சல் எதுக்கு ஓய்?" என்றார் லூக்காஸ்.

பேச்சு இப்படி முடிந்தது. சஜின் வடக்குக் கயிற்றில் நிற்பான்; வலப்பக்கம் முறுகிய உடம்பை இடப்பக்கத்துக் கயிறு திருப்பி இழுக்கும். அதற்குப் பங்கு கிடையாது. அப்பன் இடத்தில் நான் நிற்பேன். அந்தப் பங்கு பழையபடி அவன் வீட்டுக்குப் போகும். திங்கட்கிழமை சார் அவன் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போட்டார். என்னைப் பார்க்கச் சொல்லிப் போட்டார் என்றும் எனக்குத் தோன்றியது.

பாறசாலையிலிருந்து முதல் பஸ்ஸில் பொழியூருக்குப் போவேன். முதல் வாரத்திலேயே உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. வடக்குக்காரர்கள் கயிற்றைத் தளர்த்திப் பிடித்து எங்கள் தலையில் பாரத்தைக் கட்டுகிறார்கள் என்று ஒரு சந்தேகம். லூக்காஸுக்கு என்மேல் வேறு சந்தேகம்.

"மீன் கூடையப் பாத்து என்ன எண்ணுதீரு?"

"ஒண்ணும் இல்ல." எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

அந்தப் பக்கம் சஜின் இடது குதிகாலை ஊன்றத் தெரியாமல் மல்லாந்து விழுவான். கரையே சிரிக்கும். "எலே ஓட்டக்காரா, பிரேக்கைப் போடுலே!" சாயங்காலம் மைதானத்தில் சார் வளைவில் நின்று இடுப்பை மட்டும் பார்ப்பார். கொஞ்சம் கொஞ்சமாக வலது கை இடுப்பைவிட்டுப் பிரிந்தது. வெளியே திரும்பிய பாதம் உள்ளே வந்தது. முழுசாக நேராகவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். வளைவில் சில நாள் கோட்டை உரசினான். உரசாத நாளிலும் நான் பக்கத்தில் போய்க் குனிந்து சுண்ணாம்பு கலைந்திருக்கிறதா என்று பார்ப்பேன்.

தேர்வு நாளில் சார் அவனைத் திருவனந்தபுரம் கூட்டிப் போனார். நான் கயிற்றில் நின்றேன். அன்றைக்கு வலை தாமதமாகத்தான் போட்டார்கள். வெயில் ஏறியும் பாதிக் கயிறு கடலில் கிடந்தது. அப்போது சட்டைப்பையில் போன் அடித்தது. இரண்டு கையும் கயிற்றில். நடுவில் கை விட்டால் முன்னே நிற்பவன் முகம் குப்புற விழுந்து மணல் தின்பான். லூக்காஸ் வந்து போனை எடுத்து என் காதில் வைத்தார். மறுபக்கம் தன் காதையும் ஒட்டினார்.

"தாசா," என்றார் சார். "வளைவுல வெளிய போகல்ல."

"எடுத்தாச்சா சார்?"

"கோட்டுக்கு உள்ளயே நின்னான்."

"அது செரி சார், எடுத்தாச்சா?"

லைன் அறுந்தது.

"என்னவாக்கும் சொன்னாரு?" என்று முன்னாலிருந்து ஒருத்தன் கேட்டான்.

"வெளிய போகல்லியாம்."

"அப்ப உள்ள எடுத்தாச்சா?"

"தெரியல்ல."

"என்ன மனுசன் ஓய் ஒனக்க சாரு! ஒரு காரியத்தை முழுசாப் பறய மாட்டாரா?" என்றார் லூக்காஸ். கயிறு முழுவதும் சாரைத் திட்டியபடியே இழுத்தது. அன்றைக்கு வலை நெத்தோலியால் நிறைந்து வந்தது. அந்த மாதம் முழுக்க அப்படி ஒரு வலை வரவில்லை.

சாயங்காலம் சஜினே கூப்பிட்டான். "மாமா, பேரு வந்திருக்கு." அடுத்த மூச்சிலேயே, "அப்பாவுக்க எடம்?" என்று கேட்டான்.

"நான் நிக்கேன்லா மக்கா. நீ போ."

அவன் அப்பன் முட்டி தேறித் திரும்பி வரும்வரை நின்றேன். இடம் போகவில்லை. சஜின் விடுதியில் படித்தான், ஓடினான், அந்த ஓட்டத்தின் பேரில் இப்போது ஒரு நல்ல வேலையில் இருக்கிறான். முகாமைப் பற்றி மட்டும் எனக்கு இன்னும் முழுசாகத் தெளியவில்லை. அந்தப் பிள்ளைகள் எல்லாரும் எதற்கு வலது கையை இடுப்பில் இறுக்கி ஓடினார்கள்? ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று பாக்கி கிடக்கிறது. மற்ற நாட்களின் பங்கை எல்லாம் லூக்காஸ் குறையாமல் அந்த வீட்டில் கொடுத்தார். தேர்வு நாளின் பங்கை மட்டும் கொடுக்கவில்லை. "பையன் வடக்குல நிப்பான், நீரு தெற்குல நிப்பீரு, அதுல்லா பேச்சு? அன்னைக்கு அவன் வரல்லியே" என்றார். "தெற்குல எடம் காலியா கெடந்துதா? நான் நின்னேன்லா?" என்றேன். "செரி செரி, நாளை தராம்" என்றார். இன்றும் பாறசாலைச் சந்தையில் கண்டால் சாயா வாங்கித் தருவார், மீன் பொதிந்து தருவார், அதை மட்டும் நாளை தருவார். "விடுங்க மாமா, அதை நானே வீட்டுல குடுத்துடுதேன்" என்கிறான் சஜின். அந்தப் பங்கை அவன் கொடுத்துத் தீர்த்தால் அன்றைக்கு அவன் அப்பன் இடம் காலியாகக் கிடந்தது என்று ஆகிவிடும். கிடக்கவில்லை. அதனால் பார்க்கும்போதெல்லாம் லூக்காஸிடம்தான் கேட்கிறேன்: நானூற்று இருபது ரூபாய்.